ஒரு கண்ணா, இரு கண்ணா: இருட்டில் ரைஃபிள் பிடிப்பவரின் கருவித் தேர்வு

இரவுப் பார்வைக் கருவி தேடுகிறவர் முதலில் கேட்பது, ஒரு கண்ணுக்கு மட்டும் பொருந்தும் மோனாகுலர் போதுமா, இரு கண்ணுக்கும் பொருந்தும் காகிள் வேண்டுமா என்பதுதான். விற்பவர் விலைப்பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்வார். படையில் இருந்தவர் தாம் பழகிய கருவியைச் சொல்வார். இரு பதில்களுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: கண்ணுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டால் குண்டு சரியாகப் போய்ச் சேரும்.

பகலில் இது ஏறக்குறைய உண்மை. பார்க்கும் கண்ணே குறியும் வைக்கிறது. இரவிலோ பார்ப்பதும் குறி வைப்பதும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிடுகின்றன. தலையில் மாட்டிய கருவி எதிரே இருப்பதைக் காட்டும். ரைஃபிளின் குழல் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை அது காட்டாது. அந்த இணைப்பை லேசரோ, ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளிக் குறிக்கருவியோ, ரைஃபிளிலேயே பொருத்திய இரவு ஸ்கோப்போ தர வேண்டும். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு டியூபா இரண்டு டியூபா என்ற விவாதத்தில் பாதி சுடுதலைப் பற்றியதே அல்ல என்பது தெரியவரும்.

டியூபுக்குள் நடப்பது

இன்று தலையில் மாட்டப்படும் பெரும்பாலான கருவிகளின் உயிர், 18 மில்லிமீட்டர் வடிவத்தைச் சேர்ந்த ஒளிபெருக்கி டியூபில் இருக்கிறது. முன்லென்ஸ் திரட்டும் ஒளி ஒரு மெல்லிய படலத்தில் விழுகிறது. ஒளி பட்டதும் அந்தப் படலம் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. மூன்றாம் தலைமுறை டியூபில் இந்தப் படலம் காலியம் ஆர்சனைடால் ஆனது. அடுத்து நிற்பது நுண்துளைத் தட்டு: சில மைக்ரான் அகலமே உள்ள லட்சக்கணக்கான கண்ணாடித் துளைகள் கொண்ட ஒரு சில்லு. துளைச் சுவரில் மோதும் ஒவ்வொரு எலக்ட்ரானும் மேலும் பலவற்றைக் கிளப்பிவிட, அந்தக் கூட்டம் பாஸ்பர் திரையில் விழுந்து படமாகிறது. நெடுங்காலம் அந்தப் படம் பச்சையாக இருந்தது. இப்போது வெள்ளைப் பாஸ்பரும் பரவலாகிவிட்டது.

சுடுபவருக்கு இதிலிருந்து நான்கு விளைவுகள். முதலாவது, டியூப் ஒளியைப் பெருக்குமே தவிர உண்டாக்காது. விண்மீன் வெளிச்சத்தில் வேலை செய்யும். மேகம் மூடிய இரவில் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயோ பூட்டிய கிடங்குக்குள்ளோ அகச்சிவப்பு விளக்கு இல்லாமல் திணறும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை, ஏறக்குறைய 900 நானோமீட்டர் வரை, அது பார்க்கும். பச்சை இலைகள் அந்த ஒளியை நன்றாகத் திருப்பியனுப்புவதால் புதரும் புல்லும் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது, பார்வை அகலம். வழக்கமான கருவிகள் 40 பாகைதான் காட்டும். இயல்பான இரு கண்கள் கிட்டத்தட்ட 200 பாகை காணும். இரண்டாவது டியூப் சேர்த்தாலும் இந்த 40 கூடுவதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன. நான்கு டியூபுகளை விசிறிபோல் விரித்த ஜிபிஎன்விஜி-18 97 பாகையைத் தொடுகிறது.

மூன்றாவது, ஃபோகஸ். இருட்டில் ஒளி சேர்க்க லென்ஸின் துளை அகலமாக இருக்க வேண்டும். பல கருவிகளில் அது எஃப் 1.2. அகலத் துளையில் ஆழம் குறையும். தொலைவுக்கு ஃபோகஸ் வைத்தால் காலடி மங்கும்; கையருகே வைத்தால் தொலைவு கலங்கும். துப்பாக்கி முனையில் உள்ள உலோகக் குறிமுளை இந்தக் கருவி வழியாகப் பயன்படாததற்குக் காரணம் இதுவே. முளையும் இலக்கும் ஒரே சமயத்தில் தெளியாது.

நான்காவது, இரைச்சல். இருள் கூடக் கூட, படத்தில் மின்னும் பொடிப்புள்ளிகள் கூடும். மங்கலான உருவம் முதலில் கரைவது இந்தப் புள்ளிகளுக்குள்தான்.

ரைஃபிளிலிருந்து தலைக்கு

வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு கண்ணா, இரு கண்ணா என்ற கேள்வியே எழவில்லை. இரவுக் கருவி ரைஃபிள் மேல்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மானியர் ஸ்டுர்ம்கெவேர் 44 துப்பாக்கியில் 'வாம்பயர்' என்ற செல்லப்பெயர் கொண்ட கருவியைப் பொருத்தினர். அகச்சிவப்பு விளக்கும் ஸ்கோப்பும் துப்பாக்கியில் இருக்கும். மின்கலத்தை வீரர் முதுகில் சுமக்க வேண்டும். அமெரிக்கர் தங்கள் கார்பைன் துப்பாக்கிக்கு இதே வகையைச் செய்து கொரியப் போர்வரை பயன்படுத்தினர். வியட்நாமில் விளக்கு தேவைப்படாத ஸ்டார்லைட் ஸ்கோப் வந்தது. மூன்று டியூபுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதால் அது நீளமும் கனமுமாக இருந்தது. இவை எல்லாவற்றிலும் பார்வைக் கோடும் குறிக்கோடும் ஒன்றே.

நுண்துளைத் தட்டு வந்ததும் டியூப் சிறுத்தது. கருவி தலைக்கு ஏறியது. 1970களில் பிவிஎஸ்-5 என்ற இரட்டை டியூப் காகிள் முகத்தை முகமூடிபோல் மூடியது. ஹெலிகாப்டர் விமானிகள் விமானத்தின் முள்காட்டிகளைப் பார்ப்பதற்காக அதன் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்துப் பயன்படுத்தினர். 1980களில் விமானிகளுக்கென்று மூன்றாம் தலைமுறைக் காகிள் தனியாக உருவானது.

காலாட்படைக்கு வந்த பிவிஎஸ்-7 ஒரு சமரசம். அதில் டியூப் ஒன்றுதான். அதன் படத்தைப் பிரித்து இரு கண்ணுக்கும் தருவார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க வீரர்களிடம் இருந்த முக்கியக் கருவிகளில் இதுவும் ஒன்று. 2000ஐ ஒட்டி அதன் இடத்தை ஒற்றைக் கண் பிவிஎஸ்-14 பிடிக்கத் தொடங்கியது. 2019இல் அமெரிக்க ராணுவம் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் படத்தையும் ஒளிபெருக்கிப் படத்தையும் கலந்து காட்டும் இஎன்விஜி-பி என்ற இரட்டைக் காகிளைப் படைப்பிரிவுகளுக்கு வழங்க ஆரம்பித்தது.

இரண்டிலிருந்து ஒன்றுக்கு, மறுபடி இரண்டுக்கு என்ற இந்த ஊசலாட்டத்தை மட்டும் பார்த்தால் கடைசியில் இரண்டே வென்றது என்று தோன்றும். ஆனால் இஎன்விஜி-பியில் சுடுதலுக்குப் பெரிய மாற்றம் தந்தது இரண்டாவது டியூப் அல்ல. ரைஃபிளில் உள்ள தெர்மல் ஸ்கோப்பின் காட்சியைக் கம்பியில்லாமல் காகிளுக்கே அனுப்பும் வசதிதான். துப்பாக்கியைத் தோளில் வைக்காமலே குழல் எங்கே நோக்குகிறது என்பது கண்முன் தெரிகிறது. கருவி தலைக்கு ஏறியபோது அறுந்த இணைப்பை மீண்டும் கட்டும் முயற்சி அது.

மூன்று அமைப்புகள், மூன்று கணக்குகள்

சந்தையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒரு டியூப், ஒரு கண். பிவிஎஸ்-14 இதன் இலக்கணம். எடை 350 முதல் 400 கிராமுக்குள். ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும். கையில் பிடிக்கலாம், ஹெல்மெட்டில் மாட்டலாம், ரைஃபிளில் ரெட் டாட்டுக்குப் பின்னால் பொருத்தலாம். மூடாத கண் இருட்டுக்குப் பழகியபடி இருக்கும்; சுற்றுப்புறத்தையும் கையில் உள்ள பொருளையும் கவனிக்கும்.

ஒரு டியூப், இரு கண். பிவிஎஸ்-7 வகை. இரு கண்ணும் ஒரே படத்தைப் பார்ப்பதால் கண்களுக்குள் போட்டி இல்லை. ஆனால் ஒரே படம் என்பதால் ஆழ உணர்வும் இல்லை. முன்லென்ஸ் மூக்குக்கு நேரே நடுவில் இருப்பதால், ரெட் டாட் வழியாகப் பார்க்கத் துப்பாக்கியை முகத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது. எடையும் முக்கால் கிலோவை நெருங்குகிறது. சுடுபவருக்கு மூன்றிலும் ஒத்துவராதது இதுவே. பழைய கையிருப்பு மலிவாகக் கிடைப்பதால்தான் இன்னும் பேசப்படுகிறது.

இரு டியூப், இரு கண். பிவிஎஸ்-15, பிவிஎஸ்-31 ஆகியவை தெரிந்த பெயர்கள். பழையவை முக்கால் கிலோ வரை கனக்கும். பிவிஎஸ்-31 அரைக் கிலோவுக்குள் அடங்கியது. பிவிஎஸ்-31 உள்ளிட்ட சிலவற்றில் ஒரு டியூபை மட்டும் தனியே மேலே தூக்கிவிடலாம். தேவைப்பட்டால் காகிளே மோனாகுலராகும். இரண்டு மோனாகுலர்களைப் பாலம்போன்ற இணைப்பில் கோத்து இரட்டையாக்கும் வழியும் உண்டு. ஒன்றை இன்று வாங்கி மற்றதைப் பிறகு வாங்க நினைப்பவருக்கு அது வசதி. எடை கூடும், இரு டியூபுகளின் ஒளியும் நிறமும் ஒத்துப்போகாமலும் போகலாம்.

கண்ணும் மூளையும்

இரு டியூபுக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது ஆழ உணர்வு. இரு கண்ணும் சற்றே வேறுபட்ட படங்களைப் பெறும்போதுதான் மூளை தூரத்தை அளக்கிறது. வாய்க்காலைத் தாண்ட, சரிவில் கால் வைக்க, கம்பிவேலியைப் பிடிக்க, கதவு நிலையில் தோள் இடிக்காமல் நுழைய இது உதவும். ஆனால் கண்களுக்கு நடுவே ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் இலக்கின் தூரத்தைக் கணிக்க அந்த இடைவெளி தரும் துணை சொற்பம். டியூப் வழியே தெளிவு குறைவதால் அந்தச் சொற்பமும் தேயும். ஆக இந்த ஆதாயம் காலுக்குத்தான், விசைவிரலுக்கு அல்ல. தொலைவுக்கு ஃபோகஸ் வைத்திருக்கும்போது காலடி இரட்டைக் காகிளிலும் மங்கலே. லென்ஸ் முன் சிறுதுளை மூடி போட்டால் ஓரளவு தெளியும். அதற்கு விலையாக ஒளி குறையும்.

இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. இரு டியூபுகளின் இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்பில்லாதது. ஒரு கண்ணில் மின்னும் புள்ளி மறு கண்ணில் அதே இடத்தில் மின்னாது. மூளை இரு படங்களைச் சேர்க்கும்போது இரைச்சல் அமுங்கி உருவம் நிற்கும். கோட்பாட்டளவில் மங்கிய உருவத்தைக் கண்டறியும் திறன் இரண்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.4 மடங்கு வரை உயரலாம். நிலவில்லாத இரவில் புதரோரம் நிற்பது விலங்கா மனிதனா என்று பிரித்தறிய இந்தக் கூடுதல் தெளிவு பயன்படும். சுடுதலோடு நேரடி உறவுள்ள ஆதாயம் என்று இதைத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது, களைப்பு. ஒரு கண்ணில் ஒளிரும் படம், மறு கண்ணில் இருள் என்றால் மூளை இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறது. சிலர் சில இரவுகளில் பழகிவிடுகிறார்கள். சிலருக்குத் தலைவலி நீடிக்கிறது. இதைக் கருவியின் விவரத்தாளில் பார்க்க முடியாது. வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது மாட்டி நடந்து பார்ப்பது மட்டுமே வழி.

ஒற்றைக் கருவியின் பக்கமும் வாதம் உண்டு. கண் இருளுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். கருவியைக் கழற்றும்போது அந்தக் கண் சற்று நேரம் குருடாகிறது. இரட்டைக் காகிளைக் கழற்றினால் இரண்டுமே அப்படியாகும். வரைபடம் பார்க்க, தோட்டா நிரப்ப, அருகில் பேசுபவரின் முகம் காண மூடாத கண் உடனே கைகொடுக்கும்.

குறி வைக்கும் வழிகள்

தலைக்கருவியோடு குறி வைக்க நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. தேர்வைத் தீர்மானிப்பது இவைதான்.

முதல் வழி அகச்சிவப்பு லேசர். ரைஃபிளில் பொருத்திய பிஈக்யூ-15 போன்ற பெட்டி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை வீசும். கருவி அணிந்தவருக்கு இலக்கில் ஒரு புள்ளி தெரியும். கன்னத்தைக் கட்டையில் வைக்கவே தேவையில்லை. இங்கே ஒரு கண்ணும் இரு கண்ணும் ஏறக்குறைய சமம். குறை வேறிடத்தில் இருக்கிறது: எதிராளியிடமும் இரவுக் கருவி இருந்தால் அந்தக் கற்றை சுட்டவரைக் காட்டிக்கொடுக்கும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கருக்கு அந்தக் கவலை குறைவாக இருந்தது. இரு தரப்பிலும் இரவுக் கருவிகளும் தெர்மல் ட்ரோன்களும் உள்ள உக்ரைன் போர்க்களம் அந்த நிம்மதியைக் கலைத்துவிட்டது.

இரண்டாவது வழி, தலைக்கருவி வழியாகவே ரைஃபிளின் ரெட் டாட்டைப் பார்ப்பது. ரெட் டாட்டின் புள்ளி தொலைவில் இருப்பதுபோலவே கண்ணுக்கு வருவதால், தொலைவுக்கு ஃபோகஸ் வைத்த கருவியில் புள்ளியும் இலக்கும் சேர்ந்தே தெளிகின்றன. எந்த ஒளியும் வெளியே போகாது. ஆனால் முகத்துக்கு முன் நீட்டிக்கொண்டிருக்கும் கருவி சாதாரண உயரத்தில் உள்ள ரெட் டாட்டில் இடிக்கும். அதனால் உயர்ந்த தாங்கி வேண்டும். தாங்கி உயர உயர, குழலுக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடைவெளி கூடும். மிக அருகில் சுடும்போது குண்டு ஏறக்குறைய அந்த இடைவெளி அளவுக்குக் குறிக்குக் கீழே படும். மோனாகுலர் அணிந்தவர் இந்த வழியில் சுட, அது ஓங்கிய கண்ணில், அதாவது அவர் இயல்பாகக் குறி பார்க்கும் கண்ணில் இருந்தாக வேண்டும். இரட்டைக் காகிளில் அந்தக் கட்டுப்பாடு எழவே எழாது.

மூன்றாவது, மோனாகுலரையே ரைஃபிளில் ரெட் டாட்டுக்குப் பின்னால் பொருத்துவது. ஒரே கருவியில் எல்லா வேலையும் என்று கவர்ச்சியாகத் தோன்றும். பின்னுதைப்பு டியூபைப் பாதிக்கலாம். கண் கருவியை ஒட்டியே இருப்பதால் புருவத்தில் அடிபடலாம். அதைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. சுற்றிலும் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியைச் சுற்றிலும் நீட்ட வேண்டும். அடையாளம் தெரியாத எதன்மீதும் குழலைத் திருப்பக் கூடாது என்ற அடிப்படை விதியை இந்த அமைப்பு ஒவ்வொரு பார்வையிலும் மீறச் செய்கிறது.

நான்காவது, ரைஃபிளுக்கென்று தனி இரவு ஸ்கோப். பகல் ஸ்கோப்பின் முன்னால் பூட்டும் கிளிப்-ஆன் ஆகலாம், தெர்மல் ஸ்கோப் ஆகலாம். கிளிப்-ஆன் போட்டாலும் பகலில் ஜீரோ செய்த, அதாவது குண்டு படும் இடத்தோடு பொருத்திய குறி பெரும்பாலும் மாறாது. தெர்மல் வெப்பத்தையே படமாக்குவதால் அதற்கு வெளிச்சம் வேண்டாம்; புதருக்குள் நிற்கும் உடலையும் இடைவெளி வழியே பிடித்துவிடும். கண்டுபிடிப்பதில் அது கெட்டி, அடையாளம் காண்பதில் பல சமயம் ஒளிபெருக்கியே தெளிவு. கண்ணாடிக்கு அப்பால் தெர்மல் பார்க்காது. இந்த நான்காவது வழியில் தலைக்கருவிக்குச் சுடும் வேலையே இல்லை; நடக்கவும் நோட்டமிடவும்தான் அது வேண்டும்.

இடத்துக்கு இடம்

டெக்சஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றிகள் பயிரை அழிப்பதால், நில உரிமையாளரின் சம்மதத்துடன் தனியார் நிலத்தில் அவற்றை இரவிலும் சுடலாம். 2019 முதல் இதற்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அங்கே பலர் கையாளும் ஏற்பாடு கவனிக்கத்தக்கது: ஓங்காத கண்ணில் மோனாகுலர், ரைஃபிளில் தெர்மல் ஸ்கோப், ஓங்கிய கண் ஸ்கோப்புக்கு. இடக்கண்ணால் வயலைக் கடந்து நடந்து, வலக்கண்ணால் ஸ்கோப்பில் சுடுகிறார்கள். இவர்களுக்கு இரட்டைக் காகிள் இடைஞ்சல். ஒவ்வொரு முறையும் தூக்கி மடக்கிவிட்டுத்தான் ஸ்கோப்புக்குப் போக முடியும்.

கட்டடங்களுக்குள் நுழையும் சிறப்புப் படைகளின் கணக்கு வேறு. தூரம் சில மீட்டர். படிக்கட்டு, கதவு, பக்கத்தில் சக வீரர். லேசராலோ ரெட் டாட்டாலோதான் சுடுகிறார்கள். மணிக்கணக்கில் கருவி கழலாமல் இருக்கிறது. அவர்கள் இரட்டை டியூபுக்குப் போனது இயல்பு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பதால், இந்தத் தேர்வு பெரும்பாலும் படைகளுக்கும் காவலுக்கும் உரியது. பாரத் எலெக்ட்ரானிக்ஸின் துணை நிறுவனம் புனேயில் ஒளிபெருக்கி டியூபுகளைத் தயாரிக்கிறது. கான்பூரின் எம்கேயு போன்ற தனியார் நிறுவனங்களும் கருவிகள் செய்கின்றன. உள்நாட்டு உற்பத்தி ஏன் முக்கியம் என்பதற்கு ஏற்றுமதிச் சட்டங்களே சான்று. இரவுப் பார்வைத் தொழில்நுட்பத்தைச் சட்டவிரோதமாக வெளிநாடுகளுக்கு அனுப்பியதற்காக அமெரிக்காவின் ஐடிடி நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

எடையும் விலையும்

கருவியின் எடை கழுத்துக்கு முன்னால் தொங்குகிறது. தலையின் முன்புறம் கூடும் ஒவ்வொரு நூறு கிராமையும் பின்கழுத்துத் தசை தாங்க வேண்டும். ஹெலிகாப்டர் குழுவினரின் கழுத்துவலி பல நாட்டுப் படைகளில் ஆராயப்பட்ட பிரச்சினை. ஹெல்மெட்டின் பின்னால் எதிர்எடை வைத்தால் சமநிலை வரும், மொத்தச் சுமை கூடும்.

விலையின் பெரும்பங்கு டியூபுக்கே போகிறது. அமெரிக்கச் சந்தையில் நல்ல மோனாகுலர் மூவாயிரம் டாலர் சுற்றில் என்றால் இரட்டைக் காகிள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இதில் பலர் சறுக்குவது, அதே பணத்துக்கு இரண்டு மட்டமான டியூபுகளை வாங்குவதில். டியூபின் தரத்தை மதிப்பிடக் கூர்மை, ஒளிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் என்ற இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். அவற்றைப் பெருக்கி வருவதைத்தான் எஃப்ஓஎம் என்கிறார்கள். பெருக்குத்தொகை பெரிதாக இருந்தாலும் ஒளி-இரைச்சல் விகிதம் தாழ்ந்திருந்தால் இருண்ட இரவில் படம் கலங்கும். இரு டியூபின் சேர்க்கை தரும் 1.4 மடங்கு ஆதாயத்தை ஒரு மோசமான ஜோடி எளிதில் தின்றுவிடும்.

தேர்வின் வரிசை

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கேள்வியைக் கேட்கும் வரிசையை மாற்ற வேண்டும் என்றே தோன்றுகிறது. எத்தனை டியூப் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, ரைஃபிள் எதைக்கொண்டு குறி வைக்கப் போகிறது என்பது. தனி இரவு ஸ்கோப் என்றால் ஒரு மோனாகுலர் போதும். அது ஓங்காத கண்ணில் இருக்கட்டும். லேசர் என்றால் இரண்டில் எதுவானாலும் ஒன்றே. ரெட் டாட் வழியே, ஒளி வெளியே கசியாமல் சுட வேண்டுமென்றால் இரட்டைக் காகிள் மேல். மோனாகுலரிலும் முடியும், கண்ணை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட தரையில் நடக்கப் போகிறோம் என்பது. மேடையிலோ வண்டியிலோ உட்கார்ந்து காத்திருப்பவருக்கு இரண்டாவது டியூப் ஆடம்பரம். கரடுமுரடான நிலத்தில் இரவு முழுக்க நடப்பவருக்கும், குழுவாகக் கட்டடத்துக்குள் நுழைபவருக்கும் அது செலவுக்குத் தகுந்தது. சுட்டு அடைவதைவிட விழாமல் இருப்பதால் அடைவது அவர்களுக்கு அதிகம்.

இரண்டாவது டியூபுக்கான பணம் கையில் இருந்து, நடை அதிகம் இல்லை என்றால், அந்தப் பணத்தை முதலில் ரைஃபிளின் குறிமுறைக்கும் இருட்டில் ஜீரோ செய்து பழகும் இரவுகளுக்கும் செலவிடலாம். இலக்கு இன்னதென்று உறுதியாகத் தெரியாதபோது விசையிலிருந்து விரலை எடுக்கும் பழக்கம் அந்தப் பயிற்சியில்தான் வரும்; எந்தக் கருவியோடும் அது சேர்ந்து விற்கப்படுவதில்லை.